மூளைக்குள் துண்டு போட்டு இடம் பிடித்த கதை



டிஸ்கி முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் மருத்துவ மாணவன் இல்லை. பி.காம் மூன்றாம் ஆண்டு. எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்று, வரவு, இருப்பு, அவ்வளவுதான். ஆகவே இந்தப் பதிவும் ஒருவிதத்தில் கணக்குக் கதையாகத்தான் இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் தவறு கண்டால் பின்னூட்டத்தில் கொட்டு வைக்கலாம், வாங்கிக்கொள்கிறேன் :-)

விஷயம் இப்படி ஆரம்பித்தது. போன மாதம் ஹாஸ்டலில் இரவு பதினோரு மணி. அறைத் தோழன் கட்டிலில் படுத்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தான். "படிக்கலையாடா?" என்று கேட்டதற்கு, "ஒவ்வொரு ரீலுக்கும் டோபமைன் ஏறுது மச்சான், விட முடியல" என்றான். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஏறுதுன்னு யாருடா அளந்து பார்த்தா?" என்று கேட்டேன். அவன் போனை என் பக்கம் நீட்டி, "இதுல சொன்னாங்க" என்றான்.

அந்தக் கேள்வி எனக்குள்ளேயே தங்கிவிட்டது. மண்டை ஓட்டுக்குள், உயிரோடு, யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு மூளையில், ஒரு ரசாயனம் ஏறியதா இறங்கியதா என்று எப்படி அளப்பார்கள்? ரத்தம் மாதிரி குத்தி எடுக்க முடியாது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கவும் முடியாது. பிறகு எப்படி?

டோபமைன் என்ற வார்த்தை எனக்கு ரீல்ஸ் மூலம் அறிமுகமானது அல்ல. எங்கள் வீட்டில் அது தாத்தாவோடு வந்த வார்த்தை. அதையும் சொல்லிவிடுகிறேன், பதிவின் கடைசியில் தேவைப்படும்.

தாத்தாவின் மாத்திரை

என் அம்மாவின் அப்பா தையல்காரர். நாற்பது வருடம் மிஷின் மிதித்தவர். ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணாடி போட மாட்டார், அவ்வளவு நிதானம். அவருக்கு உதறுவாதம் வந்தது. பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னார். மூளையில் டோபமைன் குறைந்துபோனதால் கை நடுங்குகிறது, இந்த மாத்திரை அதை ஈடுகட்டும் என்று விளக்கினார். மாத்திரை போட்டதும் நிஜமாகவே நடுக்கம் குறைந்தது. பேத்திக்குப் பாவாடைகூட தைத்தார்.

ஒருமுறை மருந்துக் கடையில் வழக்கமான அட்டை கிடைக்காமல் வேறு கம்பெனி அட்டை வாங்கி வந்தார் மாமா. மருந்து ஒன்றேதான், நிறம்தான் வேறு. இரண்டாம் நாளே தாத்தா சொன்னார்: "இது பழைய மாத்திரை இல்லப்பா. கை கேக்க மாட்டேங்குது."

"அதே மருந்துதாம்ப்பா. எல்லாம் உங்க மனப்பிரமை" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாத்தா ஒன்றும் பேசாமல் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டார்.

இது இப்படியே இருக்கட்டும். நாம் நூறு வருடம் பின்னால் போவோம்.

தவளையும் முயலும்

நரம்பும் நரம்பும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய சண்டை. மின்சாரம் நேராகத் தாவுகிறது என்று ஒரு கட்சி. ரசாயனம் போகிறது என்று இன்னொரு கட்சி. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் இருந்த ஆட்டோ லூவி இதற்கு விடை கண்டது கனவில்! நடுராத்திரி கனவு கண்டு எழுந்து துண்டுச் சீட்டில் கிறுக்கினாராம், காலையில் அவர் எழுத்து அவருக்கே புரியவில்லையாம். (நம் பரீட்சைப் பேப்பர் மாதிரி.) மறுநாள் இரவும் அதே கனவு. இந்த முறை எழுதிவைக்கவில்லை, நேரே ஆய்வகத்துக்கு ஓடிவிட்டார்.

செய்தது எளிமையான காரியம். இரண்டு தவளை இதயங்கள், இரண்டும் உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருக்கின்றன. முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்கு ஊற்றினார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. அப்படியானால் நரம்பு ஏதோ ஒரு பொருளைக் கரைசலில் விட்டிருக்கிறது. 1921-ல் இது வெளியானது. 1936-ல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு. யூதரான லூவியை 1938-ல் நாஜிகள் கைது செய்து, நோபல் பணத்தைத் தங்கள் வசமுள்ள வங்கிக்கு மாற்றி எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் நாட்டைவிட்டுப் போக விட்டார்கள்.

இங்கேயே ஒன்றைக் கவனியுங்கள். லூவி அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்கவில்லை. அது செய்த வேலையை வைத்துத்தான் இருக்கிறது என்று சொன்னார். இந்தக் கதை முழுக்க இதுதான் நடக்கப்போகிறது.

அடுத்து முயல். நம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்ட மூலிகை சர்ப்பகந்தி. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1949-ல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். அதன் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளை 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி பிரித்தெடுத்தது. இந்த ரெசர்பினுக்கு இன்னொரு குணமும் உண்டு. மூளை நரம்புகள் சேமித்து வைத்திருக்கும் சில ரசாயனங்களைக் காலி செய்துவிடும்.

ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் 1957-ல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். காது தொங்கிப்போய், அசையாமல் கிடந்தன. பிறகு எல்-டோபா என்ற பொருளை ஊசியாகப் போட்டார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாட ஆரம்பித்தன. எல்-டோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். அதுவரை டோபமைனை வெறும் இடைநிலைப் பொருளாக, அதாவது வேறொன்று தயாரிக்க உதவும் கச்சாப் பொருளாக நினைத்திருந்தார்கள். கார்ல்சனோ அதுவே ஒரு தூதுவன் என்றார். உடனே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு நோபல் கிடைத்தது 2000-ல், அதாவது 43 வருடம் கழித்து.

1960-ல் வியன்னாவில் ஹெர்பர்ட் எரிங்கரும் ஓலே ஹோர்னிகீவிச்சும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார்கள். டோபமைன் இருக்கவேண்டிய இடத்தில் அது ஏறக்குறைய துடைத்து எடுத்ததுபோலக் குறைந்திருந்தது. அடுத்த வருடமே வால்தர் பிர்க்மையருடன் சேர்ந்து நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1967-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜார்ஜ் கொட்சியாஸ், இதை வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அளவு ஏற்றிக் கொடுத்தால் பலன் நிலைக்கிறது என்று காட்டினார். என் தாத்தா விழுங்கிய மாத்திரையின் பூர்வீகம் இதுதான்.

ஆனால் ஒரு குறை. தவளை இதயத்தை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மனித மூளையைப் பார்க்க அந்த மனிதர் இறக்க வேண்டியிருந்தது. கடை மூடிய பிறகு சரக்கு எண்ணுவது மாதிரி. கடை திறந்து வியாபாரம் நடக்கும்போது என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒளிரும் துண்டு

இதற்கு விடை இயற்பியலில் இருந்து வந்தது. பாசிட்ரான் என்பது எலெக்ட்ரானின் எதிர்த் துகள். 1932-ல் கார்ல் ஆண்டர்சன் கண்டுபிடித்தது. பாசிட்ரானும் எலெக்ட்ரானும் சந்தித்தால் இரண்டும் அழிந்து, இரண்டு காமா கதிர்கள் நேர் எதிரெதிர்த் திசையில் பறக்கும். தலையைச் சுற்றி வளையமாக உணர்விகள் வைத்தால், ஒரே நேரத்தில் எதிரெதிரே இரண்டு இடத்தில் கதிர் விழும்போது, அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில்தான் சம்பவம் நடந்தது என்று தெரிந்துவிடும். இப்படி லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்தால் படம் வரும். இதுதான் பெட் ஸ்கேன். 1970-களின் நடுவில் செயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் ஃபெல்ப்ஸ், எட்வர்ட் ஹாஃப்மன், மைக்கேல் டெர்-பொகோசியன் ஆகியோர் இதை உருவாக்கினார்கள்.

பாசிட்ரானை வெளியிடும் கதிரியக்க அணு ஒன்றை மருந்தில் ஒட்டி உடம்புக்குள் அனுப்ப வேண்டும். கார்பன்-11 அதற்கு ஏற்றது. ஆனால் அதன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம். அதாவது 20 நிமிடத்தில் பாதி போய்விடும், ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கிடங்கில் வைத்து விற்கவே முடியாத சரக்கு! ஆகவே ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலேயே சைக்ளோட்ரான் எந்திரம் வைத்து, அணுவைத் தயாரித்து, மருந்தில் ஒட்டி, சுத்தம் செய்து, ஓடிப்போய் ஊசி போடவேண்டும். இந்த ஆராய்ச்சி ஏன் பெரிய ஊர்களில் சில இடங்களில் மட்டும் நடந்தது என்பதற்கு இந்த 20 நிமிடமே காரணம்.

1983 மே 25 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹென்றி வாக்னர் தன்னையே ஸ்கேனுக்குள் படுக்க வைத்துக்கொண்டார். வயது 56. கார்பன்-11 ஒட்டிய மெத்தில்-ஸ்பைபெரோன் என்ற பொருள் அவர் ரத்தத்தில் ஏற்றப்பட்டது. உயிருள்ள மனித மூளையில் டோபமைன் ஏற்பிகள் முதல்முறையாகப் படத்தில் தெரிந்தன. அதே 1983-ல் கனடாவில் கார்னெட் குழுவினர் ஃபுளோரின்-18 ஒட்டிய டோபாவை வைத்து, டோபமைன் தயாராகும் இடத்தைப் படம் பிடித்தார்கள்.

ஏற்பி என்றால் என்ன? இங்கேதான் நம் டவுன் பஸ் வருகிறது. ஏற்பிகள் என்பவை பஸ் சீட்டுகள். டோபமைன் பயணி. பயணி சீட்டில் உட்கார்ந்தால் தகவல் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். விஞ்ஞானிகள் அனுப்பும் பொருள் பயணி இல்லை, அது ஜன்னல் வழியாகப் போடும் துண்டு. சீட்டைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பயணம் செய்யாது. ஒரே வித்தியாசம், இந்தத் துண்டு இருட்டில் ஒளிரும். நடுராத்திரியில் தூரத்தில் நின்று பார்ப்பவனுக்குப் பயணிகள் தெரிய மாட்டார்கள். ஒளிரும் துண்டுகள் மட்டும்தான் தெரியும். ஆக 1983-ல் தெரிந்தது சீட்டுகள். பயணிகள் இல்லை.

கணக்கு உதைத்தது

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கணக்குப்பதிவியல் படித்தவர்கள் ரசிப்பீர்கள்.

மனச்சிதைவு நோயில் டோபமைனுக்கு ஏதோ பங்கு இருக்கிறது என்று வெகுநாளாகச் சந்தேகம். ஏனென்றால் அந்த நோய்க்கு அப்போது பயன்பட்ட மருந்துகள் எல்லாமே டோபமைன் சீட்டை அடைப்பவையாக இருந்தன. சரி, நோயாளிகளுக்கு சீட்டு அதிகமா என்று எண்ணிப் பார்த்தார்கள். 1986-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு, ஆமாம், அதிகம் என்றது. அதே காலகட்டத்தில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தில் லார்ஸ் ஃபார்டே குழு, அப்படி எதுவும் வித்தியாசம் இல்லை என்றது. இரண்டுமே நல்ல ஆய்வகம். இரண்டு பேரும் கவனமாகத்தான் எண்ணினார்கள். ரொக்க ஏடு ஒன்று சொல்கிறது, வங்கி ஏடு வேறு சொல்கிறது.

நமக்கு வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்? வித்தியாசம் வந்தால் யாரோ திருடிவிட்டான் என்று கத்தாதே, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடு. இரண்டு ஏடும் சரியாக இருந்தும் வித்தியாசம் வரக் காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடி.

வித்தியாசங்களில் ஒன்று துண்டு. ஹாப்கின்ஸ் பயன்படுத்தியது ஸ்பைபெரோன் வகை. எளிமையாகச் சொன்னால், முடிச்சுப் போட்டுக் கட்டிய துண்டு, யார் வந்தாலும் நகராது. ஸ்வீடன்காரர்கள் பயன்படுத்தியது ராக்லோபிரைட். அது சும்மா போட்டு வைத்த துண்டு. பயணி வந்தால் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவார். 1989-ல் டொரன்டோவில் பிலிப் சீமன் குழுவினர், மூளையின் சொந்த டோபமைனே ராக்லோபிரைடுக்குப் போட்டியாக சீட்டைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் ராக்லோபிரைடால் எண்ணும்போது சீட்டு குறைவாகத் தெரியும் என்று காட்டினார்கள். நோயாளியின் மூளையில் டோபமைன் கூட்டம் அதிகமென்றால், சீட்டுக் கணக்கே தப்பாகிவிடும்.

இதைக் கேட்டு, ஐயோ, கருவி கெட்டுப்போச்சே என்று தலையில் கை வைத்திருக்கலாம். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் மாற்றி யோசித்தார்கள். துண்டு குறைந்தால் பயணி ஏறியிருக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் எத்தனை துண்டு குறைந்தது என்று எண்ணினால், பயணிகளை நேரில் பார்க்காமலே எண்ணிவிடலாமே! தொடக்க இருப்பில் இறுதி இருப்பைக் கழித்தால் விற்பனை. ஒரே ஆளை இரண்டு முறை ஸ்கேன் எடு. முதல் முறை சும்மா, இரண்டாம் முறை டோபமைனைக் கிளப்பிவிடும் ஏதாவது ஒன்றைக் கொடுத்து. இரண்டையும் கழி. அனாமத்துக் கணக்கில் கிடந்த பிழைதான் கடைசியில் உண்மையான வரவாக மாறியது.

1990-களின் தொடக்கத்தில் புரூக்ஹேவனில் பபூன் குரங்குகளிடம் இதைச் சோதித்தார்கள். 1994-ல் அதே இடத்தில் நோரா வால்கோ குழுவினர் மனிதர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுத்து, ராக்லோபிரைட் ஒளி குறைவதைக் காட்டினார்கள். (வால்கோ யார் தெரியுமா? ரஷ்யப் புரட்சியின் டிராட்ஸ்கி இருக்கிறாரே, அவருடைய கொள்ளுப்பேத்தி. டிராட்ஸ்கி கொலையுண்ட மெக்சிகோ வீட்டில்தான் வளர்ந்தார்.)

இப்போது பழைய வழக்கைத் திறந்தார்கள். 1996-ல் யேல் பல்கலைக்கழகத்தில் மார்க் லாருயெல் குழு, மருந்து எடுக்காத 15 மனச்சிதைவு நோயாளிகளுக்கும் 15 ஆரோக்கியமானவர்களுக்கும் ஆம்ஃபெடமின் கொடுத்து ஸ்பெக்ட் என்ற இன்னொரு ஸ்கேன் எடுத்தது. ஆரோக்கியமானவர்களிடம் துண்டு குறைந்தது 7.6 சதவீதம். நோயாளிகளிடம் 19.5 சதவீதம். 2000-ல் அனீசா அபி-தர்காம் இதைத் தலைகீழாகச் செய்தார். டோபமைன் தயாரிப்பையே தற்காலிகமாக நிறுத்தி, பயணிகளை இறக்கிவிட்டு, காலி சீட்டு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார். ஆரோக்கியமானவர்களிடம் 9 சதவீதம் கூடியது, நோயாளிகளிடம் 19 சதவீதம். அதாவது எதுவும் கொடுக்காமல் சும்மா இருக்கும்போதே அவர்கள் பஸ்ஸில் கூட்டம் அதிகம்.

இந்த எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆம்ஃபெடமின் கொடுத்தபோது சில நோயாளிகளுக்கு அறிகுறிகள் சற்று நேரம் மோசமாகின. சம்மதம் கொடுத்துத்தான் படுத்தார்கள். என்றாலும் எங்கோ ஒரு பெயர் தெரியாத மனிதர் அந்தச் சிரமத்தைப் பட்டதால்தான் நாம் இன்று ஒரு சதவீதத்தைப் படிக்கிறோம்.

ஏழு பவுண்டு விளையாட்டு

இதுவரை எல்லாம் மருந்து கொடுத்துச் செய்தது. மருந்தே இல்லாமல், வெறும் ஒரு செயலால் டோபமைன் வருமா?

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் மத்தியாஸ் கோப், பால் கிராஸ்பி முதலானோர் எட்டு ஆண்களை ஸ்கேனுக்குள் படுக்க வைத்து வீடியோ கேம் ஆடச் சொன்னார்கள். போர்க்களத்தில் டாங்க் ஓட்டி கொடிகளைச் சேகரிக்க வேண்டும். ஒவ்வொரு நிலை தாண்டினாலும் 7 பவுண்டு பரிசு. (நமக்கு ஏன் இப்படி யாரும் கூப்பிடுவதில்லை?) விளையாடும்போது ராக்லோபிரைட் ஒளி குறைந்தது. நன்றாக ஆடியவர்களிடம் அதிகமாகக் குறைந்தது. 1998-ல் நேச்சர் இதழில் வந்தது. ஒரு செயலைச் செய்யும்போது மனித மூளையில் டோபமைன் வெளியாவதைக் காட்டிய முதல் ஆய்வு அது.

இன்று "கேம் ஆடினால் டோபமைன் ஏறும்" என்று யார் சொன்னாலும் அதன் மூதாதை இந்த எட்டுப் பேர்தான். எட்டே எட்டு! ஆடும்போது தலை அசைந்தாலோ ரத்த ஓட்டம் மாறினாலோ கணக்கு தப்பலாம் என்று பின்னால் வந்த விமர்சகர்கள் எச்சரித்தார்கள்.

டோபமைன் மட்டும் அல்ல. 2001-ல் மிச்சிகனில் ஹோன்-கார் சுபியேட்டா குழு தன்னார்வலர்களின் தாடைத் தசையில் வலி உண்டாக்கி, மூளை தன் சொந்த வலி நிவாரணியை வெளிவிடுவதை இதே முறையில் பார்த்தது. 2011-ல் மாண்ட்ரியலில், பிடித்த பாட்டைக் கேட்டு மயிர்க்கூச்செறியும் நேரத்தில் டோபமைன் வருவதைக் காட்டினார்கள். பாட்டின் உச்சம் வருவதற்கு முன் காத்திருக்கும்போது மூளையின் ஒரு பகுதியும், உச்சம் வந்தபோது வேறொரு பகுதியும் செயல்பட்டன. செரடோனினுக்கு இந்த வழி திறக்க வெகுநாள் பிடித்தது, அதற்கேற்ற துண்டு கிடைக்க வேண்டுமே.

உப்புநீர் ஊசி

இப்போது தாத்தாவிடம் திரும்பி வருகிறேன்.

2001-ல் கனடாவின் வான்கூவரில் ராவுல் தெ லா ஃபுவெந்தே-ஃபெர்னாந்தெஸ், ஜான் ஸ்டோசல் ஆகியோர் பார்க்கின்சன் நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். மருந்தாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு அவர்களுக்குப் போட்டது வெறும் உப்புநீர் ஊசி. ஸ்கேனில் பார்த்தால் ராக்லோபிரைட் ஒளி 17, 19 சதவீதம் குறைந்திருந்தது. டோபமைன் வந்திருந்தது! நோயால் நரம்பு அழிந்து, வற்றிப்போன கிணறு என்று எல்லோரும் நினைத்த அதே மூளையில், மருந்து வந்திருக்கிறது என்ற எதிர்பார்ப்பு மட்டுமே டோபமைனை வெளியே கொண்டு வந்திருக்கிறது.

2010-ல் அதே ஊரில் சாரா லிட்ஸ்டோன் இன்னும் ஒரு படி போனார். நிஜ மருந்து கிடைக்கும் வாய்ப்பு 25, 50, 75, 100 சதவீதம் என்று நான்கு குழுவுக்கு நான்கு விதமாகச் சொன்னார். உண்மையில் எல்லோருக்கும் கொடுத்தது போலி மாத்திரை. யாரிடம் டோபமைன் குறிப்பிடும்படி வந்தது தெரியுமா? 75 சதவீதம் என்று சொல்லப்பட்டவர்களிடம் மட்டும். நிச்சயம் என்று சொன்னவர்களிடம்கூட இல்லை. கொஞ்சம் சந்தேகமும் நிறைய நம்பிக்கையும் கலந்த இடத்தில்தான் மூளை அதிகமாக வாரி வழங்கியிருக்கிறது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மனப்பிரமை என்று சொல்லிச் சிரித்தோமே. நம்பிக்கைக்கு மூளையில் எடை இருக்கிறது, அதை சதவீதத்தில் எழுதலாம் என்று நான் பிறக்கும் முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள். பழக்கமான அட்டையைப் பார்த்ததும் தாத்தாவின் மூளை ஒரு பங்கைத் தானாகவே போட்டிருக்கலாம். புது நிறத்தைப் பார்த்து அந்தப் பங்கு நின்றிருக்கலாம். அவசரப்பட்டு அதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நோய் முற்றியிருக்கலாம், மாத்திரையிலேயே ஏதாவது வித்தியாசம் இருந்திருக்கலாம். அவரை யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. ஆனால் "கை கேக்க மாட்டேங்குது" என்று அவர் சொன்னது பொய் என்று முடிவு கட்ட எங்களிடமும் எந்த அளவுகோலும் இல்லை. அளக்காமலே ஐந்தொகை போட்டுவிட்டோம்.

எது தெரியாது?

இந்த முறையின் எல்லைகளையும் சொல்லாவிட்டால் நான் ரீல்ஸ்காரனுக்கு மேல் இல்லை.

ஒன்று, இது கழித்துப் பார்க்கும் கணக்கு. டோபமைனை நேராகக் காட்டுவதில்லை. விலங்குகளின் மூளையில் மெல்லிய குழாய் வைத்து அளந்தால் ஆம்ஃபெடமினுக்குப் பிறகு டோபமைன் பல மடங்கு ஏறுகிறது. ஆனால் ஸ்கேனில் துண்டு குறைவதோ பெரும்பாலும் பத்து, இருபது சதவீதம்தான். ஆகவே 10 சதவீதம் குறைந்தது என்றால் 10 சதவீதம் டோபமைன் ஏறியது என்று படிக்கக்கூடாது.

இரண்டு, நேரம். டோபமைன் அலை நொடிக்குள் வந்து போய்விடும். பெட் ஸ்கேனோ பல நிமிடங்களைச் சேர்த்து ஒரே படமாக்குகிறது. வருடக் கடைசி ஐந்தொகையைப் பார்த்து, ஆடி மாதம் மூன்றாம் தேதி எத்தனை மணிக்கு யார் கடைக்கு வந்தார் என்று சொல்ல முடியுமா? அதே மாதிரி ஒரு ரீலுக்கு எவ்வளவு டோபமைன் என்பதை இந்த முறையால் பார்க்கவே முடியாது. என் அறைத் தோழனுக்கு இதுதான் பதில்.

நொடிக்கணக்கில் பார்க்க ஒரு வழி உண்டு, ஆனால் அது படம் இல்லை. பார்க்கின்சன் நோய்க்காக மூளை அறுவை சிகிச்சை செய்யும்போது, நோயாளியின் சம்மதத்தோடு முடியைவிட மெல்லிய கார்பன் இழையை உள்ளே வைத்து நேராக அளப்பது. கென்னத் கிஷிடா, ரீட் மாண்டேக் குழுவினர் 2011-ல் ஒரு நோயாளியிடமும், 2016-ல் வெளியான ஆய்வில் 17 பேரிடமும் இதைச் செய்தார்கள். அப்போது அவர்கள் விளையாடியது என்ன தெரியுமா? பங்குச் சந்தை விளையாட்டு! கொஞ்சமாக மட்டும் முதலீடு செய்திருந்தபோது சந்தை எதிர்பார்த்ததைவிட ஏறினால், லாபம் வந்தும்கூட டோபமைன் இறங்கியது. "அடடா, இன்னும் போட்டிருக்கலாமே" என்ற ஏக்கம் ரசாயனத்திலேயே பதிவாகியிருக்கிறது. எங்கள் பேராசிரியர் இதை வாய்ப்புச் செலவு என்று இரண்டு வகுப்பு நடத்தினார். மூளை நொடிக்குள் நடத்திவிடுகிறது.

தவளை இதயத்துக் கரைசலில் ஆரம்பித்து இங்கே வந்து நிற்கிறோம். லூவி முதல் இன்றுவரை எல்லோரும் செய்தது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அது விட்டுப்போன தடத்தை வைத்து எண்ணினார்கள். கணக்கு உதைத்தபோது ஏட்டைக் கிழித்துப் போடாமல், ஏன் உதைக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தார்கள்.

தாத்தா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் ஊருக்குப் போனபோது மாமாவிடம் அந்த உப்புநீர் ஊசிக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பழைய அட்டை பக்கத்து ஊர்க் கடையில இருந்துச்சுடா. பைக்ல பத்து நிமிஷம்" என்றார்.

அதற்கு மேல் நானும் எதுவும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது "கை கேக்க மாட்டேங்குது" என்று சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள். மருந்தை நீங்களாக மாற்றவும் வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம். அதற்குள் செலவுக் கணக்கியல் பரீட்சை வருகிறது, என் டோபமைன் நிலைமை எப்படி இருக்கும் என்று ஸ்கேன் எடுக்காமலே சொல்லிவிடலாம் :-)